யாரும் வாசித்து முடிக்காத எண்ணை எப்படி நம்புவது?

8816 என்று தொடங்குகிறது. 551 என்று முடிகிறது. இடையில் 41,024,313 இலக்கங்கள். மொத்தம் 41,024,320 இலக்கங்கள் கொண்ட ஒரே ஓர் எண்.

வானொலிக்காரர்களுக்கு எதையும் விநாடியில் அளந்து பார்ப்பதுதான் பழக்கம். விநாடிக்கு ஓர் இலக்கம் வீதம், விளம்பர இடைவேளை இல்லாமல், உண்ணாமல் உறங்காமல் வாசித்தால் இந்த எண்ணை முடிக்க ஏறக்குறைய 475 நாள்கள் ஆகும். இந்தத் தீபாவளிக்கு வாசிக்க உட்கார்ந்தால் அடுத்த தீபாவளியும் கடந்துபோகும். அதற்கு மேலும் மூன்று மாதத்துக்கு மேல் வாசிக்க வேண்டியிருக்கும். தாளில் அச்சிட்டால், பக்கத்துக்கு 3,000 இலக்கங்களை நெருக்கி அடுக்கினாலும் 13,675 பக்கங்கள் வேண்டும்.

இந்த எண்ணைப் பற்றிக் கணித உலகம் சொல்வது ஒரு வரிச் செய்தி. இது ஒரு பகா எண். அதாவது 1-ஐயும் இதே எண்ணையும் தவிர வேறு எந்த எண்ணாலும் இதை மீதியில்லாமல் வகுக்க முடியாது. 2024 அக்டோபர் 21-ஆம் தேதி உலகுக்கு அறிவிக்கப்பட்ட இதுதான், மனிதர்களுக்குத் தெரிந்த பகா எண்களிலேயே மிகப் பெரியது.

செய்தியைக் கேட்டதும் பலரும் கேட்ட கேள்வி, "இதனால் என்ன பயன்?" என்பது. நியாயமான கேள்விதான். அதற்கும் பதில் உண்டு, பிறகு வருவோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. யாரும் முழுதாக வாசித்துப் பார்க்காத ஓர் எண்ணைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்களே, அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சதுரங்கப் பலகையும் நெல்மணியும்

சதுரங்கத்தில் அரசனைத் தோற்கடித்தவர் பரிசாக நெல் கேட்ட கதை நமக்குத் தெரியும். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயில் பால் பாயசத்தோடு சேர்த்தும் அந்தக் கதையைச் சொல்வார்கள். முதல் கட்டத்தில் ஒரு நெல், இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4, நான்காவதில் 8 என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். 64 கட்டம் முடிவதற்குள் அரசனின் களஞ்சியம் காலியாகிவிடும்.

நமது எண்ணும் அதே கதையில் பிறந்ததுதான். ஒரு கட்டம் என்றால் மொத்தம் 1 நெல். இரண்டு கட்டம் என்றால் 3. மூன்று என்றால் 7. நான்குக்கு 15, ஐந்துக்கு 31. எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும், மொத்த நெல் அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டியதைவிடச் சரியாக ஒன்று குறைவு. அதனால் மொத்தத்தைக் கணக்கிட, கட்டங்களின் எண்ணிக்கை எவ்வளவோ அத்தனை 2-களைப் பெருக்கி, வந்த விடையில் 1-ஐக் கழித்தால் போதும்.

இப்போது பலகையில் 64 கட்டங்களுக்குப் பதில் 136,279,841 கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகையில் சேரும் மொத்த நெல்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் எண். அத்தனை நெல்லையும் எந்த வகையிலும் சமமான குவியல்களாகப் பிரிக்க முடியாது என்பதுதான் அந்த ஒரு வரிச் செய்தியின் பொருள்.

எல்லாப் பலகைக்கும் இந்தக் குணம் வாய்ப்பதில்லை. ஆறு கட்டங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள். முதல் ஜோடியில் 1 + 2 = 3. அடுத்த ஜோடியில் 4 + 8 = 12. கடைசி ஜோடியில் 16 + 32 = 48. மூன்றுமே 3-ஆல் வகுபடும். ஆகவே மொத்தமான 63-உம் வகுபடும். கட்டங்களைச் சமமான குழுக்களாகப் பிரிக்க முடிந்தால் நெல்லையும் சமமான குவியல்களாகப் பிரித்துவிடலாம். எனவே கட்டங்களின் எண்ணிக்கை முதலில் பகா எண்ணாக இருக்க வேண்டும். 2, 3, 5, 7 கட்டங்களுக்கு முறையே 3, 7, 31, 127 என்று அழகாகப் பகா எண்கள் கிடைக்கின்றன.

அடுத்து 11. இதுவும் பகா எண்தான். ஆனால் 11 கட்டங்களுக்குக் கிடைப்பது 2047. அது 23-ஐ 89-ஆல் பெருக்கினால் வரும் எண். ஆக, கட்டங்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருப்பது நுழைவுச்சீட்டு மட்டுமே. உள்ளே இடம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இதுவரை இந்த வகையில் இடம் பிடித்தவை 52 எண்கள். நமது எண் கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் 52-ஆவது.

கடைசி இலக்கம் 1 என்பதை நீங்களே சரிபார்க்கலாம். 2-ஐ 2-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று வந்து மறுபடியும் 2, 4, 8, 6 என்றே சுழலும். 136,279,841-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. எனவே சுழற்சியில் முதல் இலக்கமான 2-இல் முடியும். அதிலிருந்து 1-ஐக் கழித்தால் 1. நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்ணின் வால் எப்படி இருக்கும் என்பதை, அதை எழுதிப் பார்க்காமலே சொல்லிவிட்டோம். பெரிய எண்களைக் கையாளும் வித்தை இப்படித்தான் தொடங்குகிறது.

பெரிய மனிதர் சொன்னால் போதுமா?

இந்த வகைப் பகா எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மரேன் மெர்சென் 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த கிறிஸ்துவத் துறவி. தெக்கார்த், ஃபெர்மா போன்ற அக்கால அறிஞர்கள் பலரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். ஒருவர் கண்டதை இன்னொருவருக்குக் கடிதத்தில் தெரிவிப்பார். இன்றைய மொழியில் சொன்னால் அந்தப் புலனக் குழுவின் நிர்வாகி அவர்தான்.

1644-இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 கட்டங்கள் வரை எடுத்துக்கொண்டால் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய 11 எண்ணிக்கைகளுக்கு மட்டும்தான் பகா எண் கிடைக்கும் என்றார். அவ்வளவு பெரிய எண்களை அவர் எப்படிச் சோதித்தார் என்று விளக்கவில்லை. ஆனாலும் பட்டியல் அவர் பெயரோடு தலைமுறை தலைமுறையாகப் பயணம் செய்தது.

31 கட்டங்களுக்கான எண் உண்மையிலேயே பகா எண்தான் என்று 1772-இல் ஆய்லர் நிறுவினார். 127 கட்டங்களுக்கான 39 இலக்க எண்ணை 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார்ட் லூக்கா நிறுவினார். அதே லூக்கா 67 கட்டங்களுக்கான எண் பகா எண் அல்ல என்றும் காட்டினார். ஆனால் அதை வகுக்கும் எண்கள் எவை என்று அவரால் சொல்ல முடியவில்லை. வீட்டில் திருடன் இருக்கிறான் என்பது உறுதி, ஆள் யார் என்பது மட்டும் தெரியாது என்ற நிலை.

ஆளைப் பிடித்தவர் அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல். 1903-இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் அவர் உரையாற்ற எழுந்தார். கரும்பலகைக்குப் போய் 67 கட்டங்களுக்கான எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். 147,573,952,589,676,412,927 என்று வந்தது. பிறகு பலகையின் மறுபக்கம் 193,707,721-ஐ 761,838,257,287-ஆல் கையாலேயே பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தன. ஒரு வார்த்தையும் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார் என்றும், அரங்கம் கைதட்டியது என்றும் கணித உலகில் இன்றும் சொல்வார்கள். இதற்கு எவ்வளவு காலம் ஆனது என்று பின்னாளில் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவர் பதில் சொன்னதாகவும் கூறுவர்.

பேசிப் பிழைக்கும் என் போன்றவர்களுக்கு அந்தப் பேசாத உரை மேல் ஒரு தனி மரியாதை. அவர் யாரையும் "என்னை நம்புங்கள்" என்று கேட்கவில்லை. பெருக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் சரிபார்க்கக்கூடியதை எழுதிவைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

மெர்சென் பட்டியலை முழுதாகச் சரிபார்த்து முடிக்க 1947 வரை ஆனது. ஐந்து பிழைகள் இருந்தன. 67-உம் 257-உம் பட்டியலில் இருந்திருக்கக் கூடாது. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டிருந்தன. ஒரு பெரியவரின் சொல்லைத் திருத்தி முடிக்க 300 ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது.

வகுக்காமலே சோதிக்கும் வழி

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கப் பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்த வழி, சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது. 97-க்கு அது போதும். 41 மில்லியன் இலக்கம் உள்ள எண்ணுக்கு? 20 மில்லியன் இலக்கங்கள் நீளம் வரையுள்ள எண்களால் எல்லாம் வகுத்துப் பார்க்க வேண்டும். நம் கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்தின் அணுக்களை எண்ணினாலே ஏறத்தாழ 80 இலக்கம்தான் வரும். அந்த வழி எந்தக் கணினியாலும் முடியாத வழி.

மெர்சென் எண்களுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி உண்டு. லூக்கா தொடங்கிவைத்து, அமெரிக்கரான டெரிக் லெமர் 20-ஆம் நூற்றாண்டில் செம்மைப்படுத்திய சோதனை அது. செய்முறை சமையல் குறிப்பைப் போல எளிது. 4-இல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கி, 2-ஐக் கழியுங்கள். வந்த விடையைச் சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியோடு மறுபடியும் அதையே செய்யுங்கள். கட்டங்களின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவான சுற்றுகள் செய்ய வேண்டும். கடைசியில் 0 வந்தால் பகா எண். வேறு எது வந்தாலும் இல்லை.

31-ஐச் சோதிப்போம். இது ஐந்து கட்டங்களுக்கான எண், எனவே மூன்று சுற்றுகள். முதல் சுற்றில் 4 × 4 = 16, அதில் 2 போனால் 14. இரண்டாவதில் 14 × 14 = 196, அதில் 2 போனால் 194; அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. மூன்றாவதில் 8 × 8 = 64, அதில் 2 போனால் 62; அதை 31-ஆல் வகுத்தால் மீதி 0. முடிந்தது, 31 பகா எண்.

நமது பெரிய எண்ணுக்கும் இதே சோதனைதான். சுற்றுகள் மட்டும் 136,279,839. ஒவ்வொரு சுற்றிலும் 41 மில்லியன் இலக்கம் வரை நீளும் எண்ணை அதனாலேயே பெருக்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் முடியக்கூடிய வேலை. அதைக் கணினியிடம் ஒப்படைத்துவிடலாம்.

மெர்சென் வகையைச் சேராத எண்களை என்ன செய்வது என்று கேட்கலாம். எந்த எண்ணையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் விரைவாகச் சோதிக்க வழி உண்டா என்பது நெடுங்காலக் கேள்வியாக இருந்தது. உண்டு என்று 2002-இல் நிறுவியவர்கள், இந்தியாவின் கான்பூர் ஐஐடி-யைச் சேர்ந்த மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்களான நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும். மாணவர்கள் இருவரும் அந்த ஆண்டுதான் இளங்கலைப் படிப்பை முடித்திருந்தார்கள். எனினும் மெர்சென் எண்களுக்கு லூக்கா–லெமர் சோதனையே வேகமானது. பெரிய பகா எண் வேட்டையில் மெர்சென் எண்களே அடிக்கடி முதலிடம் பிடிப்பதற்குக் காரணமும் அதுதான்.

டப்ளினில் தொடங்கி டெக்சஸில் முடிந்தது

1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்கக் கணினி நிரலாளர் இந்தத் தேடலைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றார். கிம்ப்ஸ் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். யாரும் தங்கள் கணினியில் ஒரு மென்பொருளைப் பதிவிறக்கி வைக்கலாம். நாம் பயன்படுத்தாத நேரத்தில் அது தனக்கு ஒதுக்கப்பட்ட எண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கும். நம் ஊர் கூட்டுப்பணி போன்ற ஏற்பாடு. 28 ஆண்டுகள் வீட்டுக் கணினிகளும் அலுவலகக் கணினிகளும் இப்படித்தான் பகா எண்களைக் கண்டுபிடித்தன. 2018 டிசம்பரில் கிடைத்த முந்தைய சாதனை எண்ணுக்கு 24,862,048 இலக்கங்கள்.

புதிய எண்ணைக் கண்டவர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரைச் சேர்ந்த லூக் டுரான்ட். அப்போது வயது 36. என்விடியா நிறுவனத்தின் முன்னாள் ஊழியர். கணினி விளையாட்டுகளுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் பயன்படும் ஜிபியு சில்லுகளை அவர் இந்த வேட்டைக்குத் திருப்பினார். 17 நாடுகளில் உள்ள தரவு மையங்களில் ஆயிரக்கணக்கான ஜிபியு-க்களை வாடகைக்கு எடுத்து இயக்கினார். 2024 அக்டோபர் 11-ஆம் தேதி, அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு ஜிபியு, "இது பகா எண்ணாக இருக்கலாம்" என்று தெரிவித்தது.

"இருக்கலாம்" என்ற சொல் இங்கே முக்கியம். முதலில் நடப்பது சல்லடைச் சோதனை. அதில் தேறினால் பகா எண்ணாக இருக்கும் வாய்ப்பு மிக மிக அதிகம் என்றுதான் பொருள். நூற்றுக்கு நூறு உறுதி அதில் கிடைக்காது. மறுநாள் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருந்த வேறொரு ஜிபியு லூக்கா–லெமர் சோதனையைச் செய்து முடித்தது. விடை 0.

அப்போதும் செய்தி வெளியே வரவில்லை. வெவ்வேறு மென்பொருள், வெவ்வேறு வகைச் சில்லுகள் என்று பலர் தனித்தனியாகச் சோதித்தார்கள். ஒரு சில்லு பிழை செய்திருந்தாலும், ஒரு மென்பொருளில் கோளாறு இருந்தாலும் அதே பிழை இன்னொன்றில் வராது என்பதுதான் கணக்கு. எல்லாம் ஒத்துப்போன பிறகே அக்டோபர் 21 அறிவிப்பு வந்தது. டுரான்டுக்குக் கிடைக்கும் பரிசு 3,000 அமெரிக்க டாலர். அதைத் தாம் படித்த அலபாமா கணித, அறிவியல் பள்ளிக்கு அளிக்கப்போவதாக அறிவித்தார்.

முந்திக்கொண்டு செய்தி சொல்வதே பெருமை என்று எங்கள் துறையில் நினைப்பதுண்டு. அந்தப் பத்து நாள் பொறுமையிலிருந்து எங்களுக்கும் பாடம் இருக்கிறது.

சரி, என்ன பயன்?

வங்கிப் பரிவர்த்தனைகளைப் பூட்டிவைக்கப் பகா எண்கள் பயன்படுகின்றன என்பது உண்மை. அதனால் இந்த எண் வந்ததும் வங்கிப் பாதுகாப்பு பலமடங்கு கூடிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பூட்டுகளில் பரவலாகப் பயன்படுபவை 300 இலக்கம் சொச்சம் உள்ள பகா எண்கள். அவற்றின் பலமே அவை ரகசியமாக இருப்பதில்தான் உள்ளது. உலகம் முழுவதற்கும் தெரிந்த எண்ணைச் சாவியாக வைத்துக்கொள்வது, வீட்டுச் சாவியை வாசல்படியில் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

பயன் வேறு வழியில் வருகிறது. பகா எண் வேட்டை கணினிகளைக் கடுமையாகச் சோதிக்கும் பரீட்சை. 1994-இல் பகா எண்கள் தொடர்பான கணக்கு ஒன்றைச் செய்துகொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்ற பேராசிரியர்தான் இன்டெல்லின் பென்டியம் சில்லு சில வகுத்தல் கணக்குகளைத் தவறாகச் செய்வதைக் கண்டுபிடித்தார். பழுதான சில்லுகளை மாற்றித்தர இன்டெல் 475 மில்லியன் டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. 2016-இல் அதே நிறுவனத்தின் ஸ்கைலேக் சில்லில் இருந்த கோளாறு வெளிப்பட்டதும் கிம்ப்ஸ் மென்பொருளை இயக்கியவர்களால்தான்.

அழகும் ஒரு பயன் என்றால் அதுவும் உண்டு. 6-ஐ வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் 6. 28-ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. இவை நிறைவெண்கள். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணிலிருந்தும் ஒரு நிறைவெண் பிறக்கும் என்று 2,300 ஆண்டுகளுக்கு முன்பே யூக்ளிட் காட்டினார். பலகையின் கடைசிக் கட்டத்தில் உள்ள நெல்லை மொத்த நெல்லால் பெருக்கினால் போதும். மூன்று கட்டங்களுக்கு 4 × 7 = 28. ஐந்து கட்டங்களுக்கு 16 × 31 = 496. டுரான்ட் கண்ட எண்ணிலிருந்து பிறந்த நிறைவெண்ணுக்கு 82,048,640 இலக்கங்கள்.

இந்தச் செய்தியை யாராவது உங்களுக்கு அனுப்பினால் ஒரு சொல் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இது "தெரிந்த" பகா எண்களில்தான் பெரியது. எல்லாவற்றிலும் பெரியது என்று ஒன்று கிடையாது. அதையும் யூக்ளிட்டே நிறுவிவிட்டார். உங்களுக்குத் தெரிந்த பகா எண்கள் அனைத்தையும் பெருக்கி 1-ஐக் கூட்டுங்கள். அந்த எண்ணை உங்கள் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும். ஆகவே பட்டியலில் இல்லாத பகா எண் ஒன்று எங்கோ இருந்தே தீர வேண்டும். 100 மில்லியன் இலக்கங்கள் கொண்ட பகா எண்ணை முதலில் கண்டுபிடிப்பவருக்கு 150,000 அமெரிக்க டாலர் பரிசு காத்திருக்கிறது.

புலனத்தில் தினமும் எத்தனையோ செய்திகள் வருகின்றன. மருத்துவர் சொன்னார், விஞ்ஞானி சொன்னார், வெளிநாட்டில் ஆய்வு செய்தார்கள் என்று பெரிய பெயர்களோடு வருகின்றன. மெர்சென் பட்டியலும் ஒரு பெரிய பெயரோடு வந்ததுதான். பிள்ளைகள் "அது எப்படித் தெரியும்?" என்று கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக நினைத்து அடக்கிவிடாதீர்கள். 300 ஆண்டுப் பிழையைத் திருத்தியது அந்தக் கேள்விதான்.

இந்த வார இறுதியில் வீட்டில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கட்டங்களுக்கான 127-ஐ லூக்கா–லெமர் முறையில் ஐந்து சுற்றுகள் சோதியுங்கள். பிறகு 11 கட்டங்களுக்கான 2047-ஐ ஒன்பது சுற்றுகள் சோதியுங்கள். ஒன்றில் 0 வர வேண்டும், மற்றதில் வரக் கூடாது. நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, போட்டுப் பாருங்கள்.